பச்சை விளக்கு சொன்ன பொய்: கண்காணிப்புப் பிளக்இன்களின் சிறு வரலாறு

2022ஆம் ஆண்டின் கரண்ட் வெட்டுக் காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அந்த நாட்களில் எங்கட குழுவின் அறையில் ஒரு பழைய மேசைக் கணினி சேர்வராக ஓடிக்கொண்டிருந்தது. ஊர் ஊராகப் போய், வயது போன ஆட்களை இருத்திக் கதைக்கவிட்டு நாங்கள் எடுத்த ஒலிப்பதிவுகளின் விபரப் பட்டியல் அதில்தான் இருந்தது. யார் கதைக்கிறார், எந்த ஊர், எத்தனையாவது நிமிடத்தில் எந்தச் சம்பவம் வருகிறது என்ற எல்லாமே அந்தப் பட்டியலில்தான். ஒலிப்பதிவுகள் மூன்று பேரின் வீடுகளில் பத்திரமாக இருந்தன. பட்டியல் மட்டும் அந்தக் கணினியின் தரவுத்தளத்தில்.

ஒவ்வொரு இரவும் 2 மணிக்கு அந்தப் பட்டியலின் பிரதி ஒன்று வேறொரு சின்ன டிஸ்கில் போய் விழும். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதற்கு எங்களில் ஒருவர் பதினொரு வரியில் ஒரு பிளக்இன் எழுதியிருந்தார். காலையில் திரையைத் திறந்தால் 'பேக்கப்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பச்சை. ஒவ்வொரு நாளும் பச்சை. ஏப்ரலில் ஒரு நாள் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது பெரிய டிஸ்க் எழும்பவில்லை. "பேக்கப் இருக்குத்தானே, பயப்பிடாதேங்கோ" எண்டு சொல்லிக்கொண்டுதான் சின்ன டிஸ்கைத் திறந்தோம்.

63 கோப்புகள். ஒவ்வொன்றும் சரியாக 20 பைட். அவற்றுக்கு முந்தைய கோப்பு மட்டும்தான் உண்மையான கோப்பு. இரண்டு மாத வேலை, 41 பதிவுகளின் விபரம், போய்விட்டது.

அந்த 20 பைட் என்ன என்று தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது. இரண்டு மாதத்துக்கு முன் தரவுத்தளத்தின் பாஸ்வேர்ட்டை நாங்களே மாற்றியிருந்தோம். பிரதி எடுக்கும் கட்டளைக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டோம். அது ஒவ்வொரு இரவும் கதவில் தட்டி, உள்ளே போக முடியாமல், ஒரு பிழைச்செய்தியை எழுதிவிட்டு நின்றுவிட்டது. அதற்கு அடுத்ததாகக் குழாயில் பொருத்தியிருந்த ஜிசிப் என்ற சுருக்கும் நிரலுக்கு ஒன்றுமே வந்து சேரவில்லை. அது தன் கடமையைச் செய்தது: ஒன்றுமில்லாததைச் சுருக்கி ஒழுங்காகப் பொதி கட்டியது. தலைப்புக்கு 10 பைட், வெறுமைக்கு 2 பைட், கடைசிச் சரிபார்ப்புக்கு 8 பைட். மொத்தம் 20. எங்கட பிளக்இன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இன்றைய திகதியில் கோப்பு இருக்குதா?" இருந்தது. ஆகவே பச்சை.

யாரில் குறை சொல்லுறது? கணினி பிழை விடவில்லை. நாங்கள் கேட்ட கேள்விதான் பிழை. இந்தச் சின்ன நிரல்கள் எங்கிருந்து வந்தன, இப்படிக் கேள்வி கேட்கும் பழக்கத்தை யார் உண்டாக்கினார்கள் என்று பிறகு கொஞ்ச நாள் தேடி வாசித்தோம். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பின் பலன்.

கேட்கிறவரும் பதில் சொல்லுகிறவரும்

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஒரு சேர்வரின் சுகத்தை வெளியே இருந்து ஓரளவுக்குத்தான் பார்க்கலாம். கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று பார்க்கலாம். டிஸ்க் நிரம்புகிறதா, நேற்றைய வேலை முடிந்ததா என்பதை உள்ளே இருக்கிற ஒருவர்தான் சொல்லவேணும். அப்படி உள்ளே இருத்தி வைக்கிற நிரலைத்தான் ஏஜென்ட் என்கிறார்கள், தமிழில் முகவர். வெளியே இருந்து கேட்பது கண்காணிப்பு மையம்.

இந்த இருவருக்கும் ஒரு பொது மொழி வேண்டும் என்ற முயற்சிகளில் பெரிதாகப் பரவியது எஸ்என்எம்பி. அதன் முதல் வரைவு 1988 ஆகஸ்டில் வந்தது. 1990இல் திருத்தப்பட்ட வடிவம் நிலைத்தது. பெயரிலேயே 'எளிய' என்ற சொல் இருக்கிறது. இதைவிடக் கனமான இன்னொரு முறை தயாராகும் வரைக்கும் தற்காலிகமாக இது போதும் என்பதுதான் அன்றைய எண்ணம். அந்தக் கனமான முறை இன்ரநெட்டில் வேர்பிடிக்கவே இல்லை. தற்காலிகமாக வந்தது இன்றைக்கும் ரவுட்டர்களுக்குள்ளும் பிரின்டர்களுக்குள்ளும் இருக்கிறது.

எஸ்என்எம்பியில் கேட்கக்கூடிய ஒவ்வொரு விடயத்துக்கும் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஒரு நீண்ட எண் உண்டு. ஒரு பெரிய மரத்தின் கிளைகள் போல. தனியார் நிறுவனங்களுக்கு 1.3.6.1.4.1 என்ற கிளைக்குக் கீழே இடம் ஒதுக்கினார்கள். உங்களுக்குச் சொந்தமாக ஒரு விடயத்தை அளக்கவேணும் என்றால் அங்கே ஒரு எண் எடுத்து, முறைப்படி ஒரு விவரணக் கோப்பு எழுதி, ஏஜென்டுக்குள் அதற்கு இடம் செய்யவேணும். ரவுட்டர் செய்கிற கம்பனிக்கு அது சரி. "எங்கட பேக்கப் முடிஞ்சுதா" என்று கேட்க விரும்புகிற ஆளுக்கு அது ஒரு பெரிய மலை.

அந்த மலையைச் சுற்றிப் போக ஒரு ஒழுங்கை திறந்தது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில். அங்கே வெஸ் ஹார்டகர் வளர்த்த ஏஜென்டுக்கு யூசிடி-எஸ்என்எம்பி என்று பெயர். பின்னாளில் அது நெட்-எஸ்என்எம்பி ஆனது. அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும், ஏஜென்ட் உங்கட ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டு அதன் விடையைத் தன் மரத்தில் தொங்கவிடும். பிளக்இன் என்ற பெயர் அதற்கு இல்லை. ஆனாலும் விடயம் அதுதான்: ஏஜென்டைச் செய்தவருக்குத் தெரியாத ஒரு கேள்வியை, அதைப் பாவிக்கிறவர் தானே சேர்த்துக்கொள்வது.

நான்கு வரிகள்

1994இல் இங்கிலாந்தின் லெஸ்டரில், டி மொன்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டோபியாஸ் ஓட்டிக்கர் என்ற சுவிஸ் நாட்டவர் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த முழு இடத்துக்கும் வெளியுலகத்தோடு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு. இன்றைக்கு எங்கட கையிலுள்ள மலிவான ஃபோனே அதைவிடப் பல மடங்கு வேகம். அந்த இணைப்பு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் ஒரு சின்ன நிரல் எழுதி, வரைபடமாக வலைப்பக்கத்தில் போட்டுவிட்டார். அதுதான் எம்ஆர்டிஜி. 1995இல் வெளியே வந்தது.

எம்ஆர்டிஜி முதலில் எஸ்என்எம்பி வழியாக ரவுட்டரைத்தான் கேட்டது. ஆனால் அதற்கு இன்னொரு வழியும் இருந்தது. ரவுட்டருக்குப் பதிலாக உங்கட சொந்த ஸ்கிரிப்ட்டைக் காட்டலாம். அது நான்கு வரி எழுதவேணும்: முதல் எண், இரண்டாவது எண், எவ்வளவு நேரமாக ஓடுகிறது, பெயர் என்ன. அவ்வளவுதான் ஒப்பந்தம். எந்த மொழியில் எழுதினாலும் பரவாயில்லை, அந்த எண்கள் எதைக் குறித்தாலும் பரவாயில்லை. நெட்வேர்க் போக்குவரத்தை அளக்க வந்த கருவியால் அறையின் வெப்பநிலையையும் அளக்கலாம் என்றாகிவிட்டது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேணும். ஒப்பந்தம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு பேர் அதற்குள் வரலாம். இந்த வரலாறு முழுவதும் அதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

0, 1, 2, 3

1996இல் ஈதன் கல்ஸ்டாட் என்ற அமெரிக்கர் எம்எஸ்-டொஸ்ஸில் ஒரு சின்ன நிரல் எழுதினார். நொவெல் நெட்வேர் சேர்வர்களைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லாவிட்டால் பேஜருக்கு எண் அனுப்புவது அதன் வேலை. கூப்பிடுகிற வேலையையோ பேஜருக்கு அனுப்புகிற வேலையையோ அது தானே செய்யவில்லை. இரண்டுக்கும் வெளியே இருந்த வேறு நிரல்களை ஓடவிட்டது. அந்த ஏற்பாடு பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அத்திவாரமாகிவிட்டது. 1998இல் அதே எண்ணத்தை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 1999 மார்ச்சில் 'நெட்செயின்ட்' என்ற பெயரில் அது திறந்த மூலமாக வெளியானது. வர்த்தகப் பெயர்ச் சிக்கல் வரவே 2002இல் 'நாகியோஸ்' ஆக மாறியது. புனிதர் பட்டத்தில் தனக்குப் பிடிவாதம் இல்லை என்று பொருள் வருகிற ஒரு ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகள்தான் அந்தப் புதுப் பெயர்.

நாகியோஸின் மையத்துக்கு டிஸ்க் என்றால் என்ன, மின்னஞ்சல் என்றால் என்ன என்று ஒன்றும் தெரியாது. அது ஒரு நிரலை ஓடவிடும், முடியும் வரை காத்திருக்கும், இரண்டை மட்டும் பார்க்கும். ஒன்று, அந்த நிரல் எழுதிய ஒரு வரி. மற்றது, முடியும்போது அது விட்டுப்போன எண். 0 என்றால் சரி. 1 என்றால் எச்சரிக்கை. 2 என்றால் ஆபத்து. 3 என்றால் தெரியாது.

ஒரு நிரல் முடியும்போது ஒரு எண்ணை விட்டுப்போவது யுனிக்ஸின் பழைய பழக்கம். அங்கே 0 என்றால் வெற்றி, வேறு எது வந்தாலும் ஏதோ பிழை. அந்தப் பழக்கத்தின் மேல் மூன்று அர்த்தங்களை ஏற்றி வைத்ததுதான் இங்கே நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையும் ஐந்து வரியில் ஒரு பிளக்இன் எழுதலாம். பேர்ளில் எழுதினார்கள், சீயில் எழுதினார்கள், ஷெல்லில் எழுதினார்கள். அச்சு இயந்திரத்தில் மை இருக்கிறதா, சான்றிதழ் எப்போது காலாவதியாகும், அஞ்சல் வரிசையில் எத்தனை கடிதம் தேங்கி நிற்கிறது என்று உலகம் முழுக்க ஆட்கள் தங்கட கேள்விகளை எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள்.

ஆனால் அந்தப் பழைய பழக்கத்தோடு ஒரு பொறியும் சேர்ந்தே வந்தது. ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று தன் கடைசிக் கட்டளையின் எண்ணைத்தான் தன் எண்ணாக விட்டுப்போகும். கடைசி வரி "எல்லாம் சரி" என்று எழுதுகிற வரியாக இருந்தால், எழுதுவது வெற்றிதானே, ஆகவே 0. நடுவில் என்ன உடைந்திருந்தாலும் 0. குழாயில் இணைத்த கட்டளைகளுக்கும் அதே கதைதான். முன்னால் இருப்பது விழுந்தாலும் கடைசியில் இருப்பது நின்றால் போதும். எங்கட ஜிசிப் நின்றது போல. இதைத் திருத்த 'பைப்ஃபெயில்' என்ற ஒரு தெரிவு உண்டு. பாஷ் ஷெல்லில் அது 2004இல் வந்த 3.0 பதிப்பிலேயே இருக்கிறது. யுனிக்ஸ் முறைமைகளுக்கான பொசிக்ஸ் தரத்துக்குள் அது நுழைந்ததோ 2024இல். இருபது வருடம்! எங்கட ஸ்கிரிப்டில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் முதல் இரவே பிடிபட்டிருக்கும்.

நான்காவது எண்ணைப் பற்றியும் சொல்லவேணும். 3 என்ற எண்ணை யாரும் பெரிதாக மதிக்கிறதில்லை. புதிதாகப் பிளக்இன் எழுதுகிறவர்கள் சரி, பிழை என்ற இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். எங்கட பதினொரு வரியிலும் 3 இல்லை. "என்னால் பார்க்க முடியேல்லை" என்பது "எல்லாம் சரி" என்பதும் இல்லை, "எல்லாம் போச்சு" என்பதும் இல்லை. அதைத் தனியாகச் சொல்வதற்கு ஒரு இடம் ஒதுக்கி வைத்தது அந்த நான்கு எண் ஒப்பந்தத்தின் நல்ல குணம் என்று இப்ப நினைக்கிறம்.

கதவைத் திறந்து வைப்பது

நாகியோஸ் மையம் ஒரு கணினியில், பார்க்கவேண்டிய சேர்வர் இன்னொரு இடத்தில். அங்கே போய்ப் பிளக்இன்னை ஓடவிட என்.ஆர்.பி.ஈ என்ற ஏஜென்ட் வந்தது. 5666ஆம் போர்ட்டில் காத்திருக்கும். மையம் ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பெயருக்கு எழுதிவைத்த கட்டளையை ஓடவிட்டு விடையைத் திருப்பி அனுப்பும்.

பெயரோடு சேர்த்து விபரங்களையும் மையம் அனுப்பலாமா என்ற கேள்வி வந்தது. அனுப்பினால் வசதி. ஆனால் வெளியே இருந்து வருகிற எழுத்துகள் நேரே ஷெல்லுக்குள் போகும். அதனால் அந்த வசதி இயல்பாகவே மூடப்பட்டிருக்கும். திறக்கிற தெரிவுக்கு வைத்த பெயர்: 'டோன்ட் பிளேம் என்ஆர்பிஈ'. "பிறகு என்னில் குறை சொல்லாதேங்கோ" எண்டு நேரடியாகவே சொல்லிவிட்டார்கள். ஆபத்தான குறிகளை வடிகட்டும் ஒரு பட்டியலும் இருந்தது. ஆனால் பாஷ் ஷெல்லில் டொலர் குறியும் அடைப்புக்குறியும் சேர்த்து ஒரு கட்டளைக்குள் இன்னொரு கட்டளையை நுழைக்கலாம். அது அந்தப் பட்டியலில் தப்பிவிட்டது. 2013இல் அது ஒரு பாதுகாப்புக் குறையாகப் பதிவாகி, 2.14 பதிப்பில் திருத்தப்பட்டது.

இது வெறும் தொழில்நுட்பக் கதை இல்லை. கண்காணிக்கிறவருக்கு எல்லா அறைக்கும் திறப்பு கொடுக்கவேண்டியிருக்கிறது. 2020 டிசம்பரில் சோலர்விண்ட்ஸ் கம்பனியின் ஒரையன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பிப்புக்குள்ளேயே யாரோ புகுந்திருந்தது வெளியே வந்தது. அந்தப் புதுப்பிப்பு ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்கள் வரை போயிருந்தது. காவல்காரரின் சீருடையில் வந்தவரை யாரும் மறிக்கவில்லை.

இந்தப் பயத்தை முதலிலேயே கணக்கில் எடுத்தவர்களும் உண்டு. 2005இல் ஃப்ளோரியன் ஃபோர்ஸ்டர் தொடங்கிய கலெக்ட்டீ என்ற ஏஜென்ட், நீங்கள் எழுதின ஸ்கிரிப்ட்டை ஓடவிடும். ஆனால் சேர்வரின் முழு அதிகாரமுள்ள ரூட் பெயரில் ஓடவிடச் சொன்னால் மறுத்துவிடும். வேறு ஒரு சாதாரண பயனர் பெயரைக் கேட்கும். நாங்கள் எங்கட பிளக்இன்னை எந்தப் பெயரில் ஓடவிட்டிருந்தோம் என்று கேட்கிறீங்களா? ரூட்தான். அதுவும் வெட்கத்தோடுதான் சொல்லுறம்.

தீர்ப்பா, அளவா

நாகியோஸ் பிளக்இன் ஒரு தீர்ப்பு சொல்லும். சரி அல்லது பிழை. எது பிழை என்பதை அந்தப் பிளக்இன்தான் முடிவு செய்யும். அதே காலத்தில் வேறு இரண்டு இடங்களில் வேறு மாதிரி யோசித்தார்கள்.

லத்வியாவில் ஒரு வங்கியில் வேலை செய்துகொண்டிருந்த அலெக்ஸி விளாடிஷேவ் 1998இல் தன் வேலைக்காக எழுதத் தொடங்கியது ஸாபிக்ஸ். 2001இல் அது திறந்த மூலமானது. ஸாபிக்ஸ் ஏஜென்டின் அமைப்புக் கோப்பில் 'யூசர்பராமீட்டர்' என்று தொடங்கும் ஒரு வரி எழுதி, ஒரு பெயர், ஒரு காற்புள்ளி, ஒரு கட்டளை என்று கொடுத்தால் போதும். உங்கட கட்டளை எண்ணை மட்டும் சொல்லும். அது நல்லதா கெட்டதா என்பதை மையம் பிறகு முடிவு செய்யும்.

நோர்வேயில் பிறந்தது முனின். அங்கத்தைய பழைய புராணத்தில் ஓடின் என்ற தெய்வத்துக்கு இரண்டு அண்டங்காகங்கள். அவை உலகைச் சுற்றிப் பறந்துவந்து கண்டதைக் காதில் சொல்லும். அதில் ஒன்றின் பெயர் 'நினைவு'. அதுதான் முனின். அதன் பிளக்இன் ஒப்பந்தம் எங்களுக்கு நல்லாப் பிடிச்சது. 'கொன்ஃபிக்' என்ற சொல்லோடு கூப்பிட்டால், தன் வரைபடத்தின் தலைப்பு என்ன, கோடுகளின் பெயர் என்ன என்று பிளக்இன் தானே சொல்லும். ஒன்றும் சொல்லாமல் கூப்பிட்டால் எண்ணைச் சொல்லும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மையம் வந்து கேட்டுப் போகும். வரைபடங்களை வரைவதற்கு அது பாவித்தது ஆர்ஆர்டி டூல். அதே ஓட்டிக்கர் எம்ஆர்டிஜிக்குப் பிறகு எழுதி 1999இல் வெளியிட்ட கருவி.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். எங்கட கதையில் அதை வைத்துப் பாருங்கோ. எங்கட பிளக்இன் "கோப்பு இருக்கு" என்ற தீர்ப்பை மட்டும் சொன்னது. அதற்குப் பதிலாகக் கோப்பின் அளவைச் சொல்லியிருந்தால், வரைபடத்தில் மலை போல நின்ற கோடு ஒரே இரவில் தரையில் விழுந்திருப்பது குழுவில் யாருடைய கண்ணிலாவது பட்டிருக்கும். தீர்ப்பு சொல்லுகிறவர், தான் எதைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேணும். நாகியோஸும் அதற்கு இடம் வைத்திருந்தது. பிளக்இன் எழுதும் வரியில் ஒரு நிமிர்ந்த கோடு போட்டு, அதற்குப் பிறகு அளவுகளை எழுதலாம். எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

பிளக்இன் யாருடையது

ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்த பொருளுக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்வியும் ஒரு நாள் வந்தே தீரும். நாகியோஸின் அடிப்படைப் பிளக்இன்களைப் பல வருடம் தன்னார்வலர் குழு ஒன்று பராமரித்துவந்தது. 2014 ஜனவரியில் அந்தத் திட்டத்தின் இணைய முகவரி நாகியோஸ் கம்பனியின் சேர்வரைக் காட்டும்படி மாற்றப்பட்டது. அந்தக் குழு 'மொனிட்டரிங் பிளக்இன்ஸ்' என்று வேறு பெயரில் தன் வேலையைத் தொடர்ந்தது. கம்பனியும் பழைய பெயரில் தன் தொகுப்பைத் தொடர்ந்தது. அதற்கு முன்பே, 2009இல், நாகியோஸின் மையத்தில் இருந்தே 'இசிங்கா' பிரிந்து போயிருந்தது.

இவ்வளவு பிரிவு நடந்தும் பழைய பிளக்இன்கள் உடையவில்லை. நாகியோஸுக்கு எழுதியது இசிங்காவில் ஓடியது. ஒரு வரியும் நான்கு எண்களும் என்ற ஒப்பந்தத்தை யாராலும் தன் பெயரில் எழுதிக்கொள்ள முடியவில்லை. பெயரும் முகவரியும் கை மாறலாம், பழக்கம் பொதுவில் நின்றுவிட்டது. சிறு குழுவாக இயங்குகிற எங்களுக்கு இதில் ஒரு ஆறுதல் இருக்கிறது.

மௌனமும் ஒரு செய்தி

1996 காலத்தில் வந்த பிக் பிரதர் என்ற கருவிதான் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வலைப்பக்கத்தில் புள்ளிகள் காட்டுவதைப் பழக்கமாக்கியவற்றில் ஒன்று. அதில் இன்னொரு நிறமும் உண்டு: ஊதா. ஏஜென்டிடமிருந்து செய்தியே வரவில்லை என்று அர்த்தம். பழைய பச்சையை அப்படியே காட்டிக்கொண்டிருக்காமல், "இது பழைய செய்தி, இப்ப எனக்குத் தெரியாது" என்று நிறம் மாறும். ஸாபிக்ஸிலும் குறிப்பிட்ட நேரத்துக்குத் தரவு வராவிட்டால் எச்சரிக்கும் வழி உண்டு. நாகியோஸிலும் செய்தி பழசாகிவிட்டதா என்று பார்க்கும் வழி உண்டு.

2012இல் சவுண்ட்கிளவுட் கம்பனிக்குள் தொடங்கி, 2015இல் பரவலாக அறிவிக்கப்பட்ட புரொமீதியஸ் இதை இன்னும் தெளிவாக்கியது. அதன் ஏஜென்டுக்குச் சொந்த அளவு ஒன்றைச் சேர்க்க ஒரு எளிய வழி: உங்கட ஸ்கிரிப்ட் ஒரு கோப்புறைக்குள் ஒரு சின்ன எழுத்துக் கோப்பை எழுதிவிட்டால் போதும். ஏஜென்ட் அதை வாசித்துச் சொல்லும். அதோடு அந்தக் கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்பதையும் தானாகவே சொல்லும். ஸ்கிரிப்ட் செத்துப்போனால் அந்த நேரம் நின்றுவிடும். "வேலை நடந்ததா" என்று கேட்பதைவிட "வேலை கடைசியாக எப்போது வெற்றியாக முடிந்தது" என்று கேட்பதே அங்கே பழக்கம். முதலாவது கேள்விக்குப் பொய்ப் பதில் சொல்வது லேசு. இரண்டாவது கேள்விக்கு, ஒன்றும் நடக்காவிட்டாலும் பதில் மோசமாகிக்கொண்டே போகும்.

எங்களை நாங்களே திட்டிக்கொண்டிருந்த நாட்களில் எங்களுக்கு ஆறுதலாக இருந்தது கிட்லாப் கம்பனி தானே வெளியிட்ட அறிக்கை. 2017 ஜனவரி 31ஆம் திகதி அங்கே ஒரு பொறியியலாளர் தவறுதலாக உண்மையான தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அது இருக்கவேண்டிய இடம் வெறுமை. தரவுத்தளத்தின் பதிப்பு ஒன்று, பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பு வேறொன்று. அதனால் ஒவ்வொரு முறையும் தோல்வி. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் போயிருந்தன, ஆனால் அஞ்சல் முறைமை அவற்றை நிராகரித்துவிட்டது. ஏறக்குறைய ஆறு மணித்தியாலத் தரவு போனது. பெரிய கம்பனிக்கும் எங்கட பழைய கணினிக்கும் நடந்தது ஒன்றேதான்: பிழை தன் குரலில் கத்தியது, கேட்கும் இடத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

பிறகு நாங்கள் எழுதினது

புதுப் பிளக்இன் நாற்பது வரி வரும். ரூட் பெயரில் ஓடாது. கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல் அதைத் திறந்து, சுருக்கத்தை விரித்து, கடைசி வரியை வாசிக்கும். நாங்கள் பாவிக்கும் தரவுத்தளத்தின் பிரதிக் கருவி தன் வேலையை முழுமையாக முடித்தால் "பிரதி முடிந்தது" என்று திகதியோடு ஒரு வரி எழுதிவிட்டுத்தான் போகும். அந்த வரி இல்லாவிட்டால் 2. நேற்றையதைவிடக் கோப்பு சுருங்கியிருந்தால் 1. டிஸ்கைத் திறக்கவே முடியாவிட்டால் 3. நிமிர்ந்த கோட்டுக்குப் பிறகு அளவு. ஒரு பொய்க் கோப்பை, அதே 20 பைட் கோப்பை, நாங்களே வைத்து அது சிவப்பாகிறதா என்று பார்த்த பிறகுதான் ஓடவிட்டோம். பிளக்இன் எழுதுகிற ஆட்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: உங்கட பிளக்இன் சிவப்பாகிறதை ஒரு தரமாவது கண்ணால் பாருங்கோ. பச்சையை மட்டும் கண்ட பிளக்இன்னை நம்பாதேங்கோ.

அதற்கு மேலே, மாதத்துக்கு ஒருநாள், யாராவது ஒருவர் அந்தக் கோப்பை வேறு கணினியில் விரித்துப் பட்டியலைத் திறந்து பார்க்கிறோம். அதற்குப் பிளக்இன் இல்லை. மனிசர்தான்.

போன 41 பதிவுகளையும் திரும்பக் கேட்டோம். 38இல் பதிவின் தொடக்கத்திலேயே பெயரும் ஊரும் சொல்லப்பட்டிருந்தன. இரண்டு பேரைக் குரலை வைத்துக் கண்டுபிடித்துப் போய்க் கேட்டு எழுதினோம். ஒன்று மட்டும் மிச்சம். ஒரு அம்மா, கிணறு வெட்டின கதை சொல்லுகிறா. தண்ணி கண்ட இடத்தில் சிரிக்கிறா. பின்னால் ஒரு ஆடு கத்துகிறது. எந்த ஊர், யார் வீடு, எங்களில் யார் பதிவு செய்தது என்று இன்னும் விளங்கேல்லை. ஊகித்து எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் எண்டு விட்டிட்டம். பட்டியலில் அந்த வரியில் இப்போது இருப்பது: பெயர், தெரியாது. ஊர், தெரியாது.